மூன்று நாள் முகாமில் மனசு திரும்புமா?

கேள்வி: வயது 42. கோவையில் பம்ப் கம்பெனி ஒன்றில் பொது மேலாளர். டார்கெட் எதையும் விட்டதில்லை. ஆனால் மகள் பள்ளி மேடையில் பரிசு வாங்கியபோது கை தட்டினேன், மனசுக்குள் எதுவுமே எழவில்லை. மனைவி பேசினாலே எரிச்சல் வருகிறது. லைஃப் கோச் ஒருவர் மூன்று நாள் முகாமுக்கு 45,000 ரூபாய் கேட்கிறார். சேரலாமா?

பதில்: சேராதீர்கள். நம் நாட்டில் லைஃப் கோச் ஆக எந்த உரிமமும் தேவையில்லை. யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்கும். கேளுங்கள், தவறில்லை. எண்ணைச் சொல்லத் தயங்குகிறவரிடம் போகாதீர்கள். முகாமில் கட்டிப்பிடித்து அழ வைப்பார்கள், திங்கட்கிழமை அதே மீட்டிங், அதே எரிச்சல். அப்புறம் ‘அட்வான்ஸ்டு லெவல்’ என்று இன்னொரு பில் வரும்.

‘பர்ன்அவுட்’ என்று நீங்களே முடிவு கட்டவும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் அதை நோய் என்று சொல்லவில்லை. வேலை அழுத்தம் நாள்பட்டு வரும் நிலை என்றது. களைப்பு, வேலையில் ஒட்டாமை, திறமை குறைந்த உணர்வு ஆகிய மூன்றும் வேலையைச் சார்ந்தவை. உங்களுக்கு மரத்துப்போனது வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அதனால் டிப்ரஷனா என்று மனநல மருத்துவர் பார்த்தே ஆகவேண்டும். ஆண்கள் பலரிடம் அது அழுகையாக வராது, எரிச்சலாகத்தான் வரும். டார்கெட் முடிகிறவரை ஆபீசிலும் யாரும் கவனிக்கமாட்டார்கள்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். குறட்டை விடுவீர்களா? தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று மனைவியிடம் கேளுங்கள், உங்களுக்கு அது தெரியாது. எட்டு மணி நேரம் படுத்தும் காலையில் தலை கனமாக இருந்தால், பகலில் கார் ஓட்டும்போது கண் சொக்கினால், தூக்கப் பரிசோதனை செய்யுங்கள். இப்படித் தூக்கத்தில் மூச்சு தடைபடும் ஸ்லீப் ஆப்னியா இருந்தால் எத்தனை கவுன்சலிங் போனாலும் எரிச்சல் முழுதாகத் தீராது. கூடவே தைராய்டு, பி12 ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

செலவு கைக்காசுதான். மனநோய்க்கும் உடல்நோய்க்கும் காப்பீடு ஒன்றே என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் ஆஸ்பத்திரிப் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும். வாராவாரம் உட்கார்ந்து பேசும் சிகிச்சைக்குப் படுக்கை எதற்கு? இத்தனை வருடமாகியும் இதைச் சரிசெய்ய ஆளில்லை.

இந்த வாரமே அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். அதுவரை பொறுக்க முடியாவிட்டால், குறிப்பாக சாவு பற்றிய எண்ணம் வந்தால், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416க்கு உடனே பேசுங்கள். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். டாக்டரிடம் ‘ஸ்ட்ரெஸ்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாமல், மேடை முன் கை தட்டியபோது நடந்ததை எனக்கு எழுதியபடியே சொல்லுங்கள். முடிந்தால் மனைவியையும் அழைத்துப் போங்கள்.