கிருஷ்ணகிரி மாதிரி ஊரில் இருந்துகொண்டு சொந்தமாக எர்கோனாமிக் மெக்கானிக்கல் கீபோர்டு செய்ய முடியுமா?

முடியும். எர்கோனாமிக் என்றால் கையின் இயல்புக்கு ஏற்ற வடிவம், மெக்கானிக்கல் என்றால் கீ ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்ச். இந்தப் பதிலையே நான் செய்த கீபோர்டில்தான் அடிக்கிறேன். ஆனால் பொருள் எங்கே கிடைக்கும் என்று தேடுவதற்கு முன், எந்த மொழியில் அதிகம் அடிக்கிறீர்கள் என்று யோசியுங்கள்.

எனக்கு டிடிபி வேலை, நாள் முழுக்கத் தமிழ்99 என்ற தமிழ்க் கீ அமைப்பில்தான் அடிக்கிறேன். அதில் உயிரெழுத்து பன்னிரண்டும் இடது கைக்கு. மெய்களில் வ, ங தவிர மற்றதெல்லாம் வலது கைக்கு. கை மாறி மாறி அடிப்பதால், இரண்டாகப் பிரித்த கீபோர்டுக்கு அப்படிப் பொருந்தும். சிக்கல் ஒரே இடத்தில்தான். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கார்னே போன்ற சிறிய டிசைன்களில் பக்கத்துக்கு 6 நெடுவரிசைதான். தமிழ்99-இல் வலது கை மேல்வரிசையோ ள, ற, ன, ட, ண, ச, ஞ என்று 7 கீ. 'ஞாயிறு' என்று அடிக்க ஒவ்வொரு முறையும் லேயர் மாற்ற, அதாவது கீகளுக்கு வேறு எழுத்து தரும் இன்னொரு கீயையும் சேர்த்து அழுத்த முடியுமா? அதனால் வலது பாதிக்கு 7, இடதுக்கு 6 என்று நானே வரைந்தேன். தமிழ் அடிப்பவர் சொந்தமாகச் செய்ய இந்த ஒரு காரணமே போதும்.

முதலில் காகிதத்தில் கையை இயல்பாக வைத்து விரல் நுனிகளைக் குறியுங்கள். நடுவிரல் வரிசை மேலே ஏறும், சுண்டுவிரல் வரிசை நன்றாகக் கீழே இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் ஆளுக்கு ஆள் மாறும், அதை யாரிடமும் காப்பி அடிக்க வேண்டாம்.

சுவிட்சுகளை மாட்டும் தகடான பிளேட்டுக்கு ஓசூர் போனால் போதும், லேசர் கட்டிங் செய்யும் பட்டறைகள் இருக்கின்றன. வரைபடத்தை டிஎக்ஸ்எஃப் ஃபைலாக, மில்லிமீட்டர் அளவில் கொடுங்கள். செர்ரி எம்எக்ஸ் வகை சுவிட்சுக்கு 14 மி.மீ. சதுர ஓட்டை, மையத்துக்கு மையம் 19.05 மி.மீ., தகடு 1.5 மி.மீ. அதைவிடத் தடிமனானால் சுவிட்சின் கொக்கி மாட்டாது. லேசர் கதிரும் கொஞ்சம் தகட்டைத் தின்னும். அதனால் துண்டுத் தகட்டில் ஒரே ஒரு ஓட்டை போட்டு, கையோடு கொண்டுபோன சுவிட்சை அழுத்திப் பாருங்கள். 'டிக்' என்று உட்கார்ந்தால் முழு பிளேட்டையும் வெட்டச் சொல்லலாம்.

டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் சிறு பாகம்), வயர், ஈயம் எல்லாம் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும். சுவிட்ச், அதன் மேல் மாட்டும் கீகேப் மட்டும் ஆன்லைனில்.

அப்புறம் வயரிங். என் வலது பாதியில் 4 வரிசை, அதோடு கட்டைவிரலுக்கு 3 கீ, ஆக 31. ஒவ்வொன்றுக்கும் தனி வயர் இழுக்கத் தேவையில்லை. 7 நெடுவரிசை, கட்டைவிரலையும் சேர்த்து 5 கிடைவரிசை என்று பின்னினால், எந்தக் கீ அழுந்தியது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சின்ன போர்டான கன்ட்ரோலரில் 12 பின் போதும். கீ ஒவ்வொன்றுக்கும் ஒரு 1என்4148 டயோடு, கறுப்புக் கோடு எல்லாவற்றிலும் கிடைவரிசைப் பக்கமே இருக்க வேண்டும். ஒன்று திரும்பினாலும் அந்தக் கீ பேசாது. நான் டயோடின் காலையே வளைத்துப் பக்கத்து டயோடோடு பற்றவைத்துக் கிடைவரிசையாக்கினேன், வயர் மிச்சம்.

கன்ட்ரோலருக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர் க்யூஎம்கே, இலவசம். அதில் தமிழுக்கென்று எதுவும் எழுத வேண்டாம், வழக்கமான ஆங்கிலக் கீகளையே கொடுங்கள். தமிழாக மாற்றுவதைக் கம்ப்யூட்டரில் உள்ள தமிழ்99 பார்த்துக்கொள்ளும். இரண்டு பாதிக்கும் நடுவே ஆடியோ ஜாக் மாதிரியான கேபிள் போட்டால், யூஎஸ்பி இணைப்பில் இருக்கும்போது அதைப் பிடுங்காதீர்கள். ஷார்ட் ஆகி கன்ட்ரோலர் போய்விடும்.