வெயிலூரில் இருந்தும் வெயில் கிடைக்காத ஆமை

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “இரண்டு வருடமாக ஒரு சின்ன ஆமை வளர்க்கிறோம். கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை இருக்கும். சோறு, கோழிக்கறித் துண்டு, கடையில் விற்கும் காய்ந்த இறால் கொடுக்கிறோம். தொட்டி ஹாலில் ஜன்னலோரம் இருக்கிறது, நல்ல வெயில் விழும். ஒரு மாதமாக ஓட்டின் ஓரத்தை அழுத்தினால் வளைகிறது. பின்னங்காலை இழுத்து நடக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா? கால்சியம் சிரப் கொடுக்கலாமா?”

எண்ணெய் வேண்டாம். ஓடு என்பது ஆமையின் மேல் கவிழ்த்த மூடி இல்லை. முதுகெலும்பும் விலா எலும்புகளும் ஒன்றாகச் சேர்ந்த, ரத்தம் ஓடுகிற எலும்பு அது. அதன் மேல் நம் நகம் போன்ற செதில்கள் போர்த்தியிருக்கின்றன. செதில் மெல்லிய தாளாக உரிவது இயல்பு. ஓடே வளைவது இயல்பல்ல. பொரித்துச் சில மாதமே ஆன குஞ்சுக்கு ஓடு சற்று நெகிழ்வாக இருக்கும், இரண்டு வயதில் அப்படி இருக்கக் கூடாது.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கால்சியம் குறைவால் வரும் எலும்பு நோய் போலத்தான் தெரிகிறது. காரணம் இரண்டு. ஒன்று உணவு. ஆமைக்குப் பாஸ்பரஸைவிடக் கால்சியம் இரண்டு மடங்கு வேண்டும். எலும்பில்லாத கறியில் கணக்கு தலைகீழ், சோற்றிலும் கால்சியம் மிகக் குறைவு. ரத்தத்தில் கால்சியம் குறையும்போது உடம்பு அதை எலும்பிலிருந்தும் ஓட்டிலிருந்தும் எடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது காரணம்தான் என்னை அதிகம் வருத்துகிறது. வேலூரை வெயிலூர் என்கிறோம், ஆனால் உங்கள் ஆமைக்கு வெயிலே கிடைக்கவில்லை. தோலில் வைட்டமின் டி உண்டாகப் புற ஊதா ‘பி’ கதிர் வேண்டும். ஜன்னல் கண்ணாடி அதை ஏறக்குறைய முழுக்கத் தடுத்துவிடும். சூடும் வெளிச்சமும் மட்டும்தான் உள்ளே வரும். வைட்டமின் டி இல்லாமல் எவ்வளவு கால்சியம் கொடுத்தாலும் உடம்பில் சரியாகச் சேராது.

அதனால் தினமும் காலை எட்டரை மணி வாக்கில் அரை மணி நேரம் திறந்த வெயிலில் வையுங்கள். கண்ணாடித் தொட்டியில் அல்ல, பிளாஸ்டிக் டப்பில். அடியில் கொஞ்சம் தண்ணீர், ஏறி உட்கார ஒரு கல், பாதி டப்புக்கு மேல் ஈரச் சாக்கு நிழல். காக்கைக்கும் பூனைக்கும் பயந்து மேலே கம்பி வலை. கத்திரி வெயில் நாளில் இன்னும் சீக்கிரமே வைத்து எடுத்துவிடுங்கள், மொட்டை மாடித் தளத்தில் வைக்கவே வேண்டாம். நிழல் இல்லாத டப்பில் ஆமை சில நிமிடங்களிலேயே சூடேறிச் செத்துப்போகும்.

சோற்றை இன்றே நிறுத்துங்கள். முள்ளோடு சின்ன மீனை முழுசாக வாரம் இரண்டு முறை, மற்ற நாளில் ஆமைக்கென்று விற்கும் குருணைத் தீவனம் கொஞ்சம், கூடவே முருங்கைக்கீரை, துருவிய கேரட், பரங்கிக்காய். காய்ந்த இறாலையே தின்னும் ஆமைக்கு வைட்டமின் ஏ குறைந்து கண் வீங்கும், அதற்குத்தான் கேரட். பசலை, தண்டுக்கீரையை எப்போதாவது கொடுத்தால் போதும், அவற்றிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேளுங்கள். கணவாய் மீனின் ஓடுதான் அது. கழுவி ஒரு துண்டைத் தொட்டியில் மிதக்கவிட்டால் தானே கொறிக்கும்.

சிரப்பை நீங்களாக ஊற்றாதீர்கள். கால் இழுப்பது நோய் முற்றுவதன் அறிகுறி, இந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுங்கள். ஓட்டில் குழியோ நாற்றமோ இருந்தால் அது தொற்று, அதற்கு வைத்தியம் வேறு.

அப்புறம், உங்களுடையது அமெரிக்கச் சிவப்புக்காது ஆமை. வளர்க்க முடியாமல் போனாலும் பாலாற்றிலோ ஏரியிலோ விடாதீர்கள், நம்மூர் ஆமைகளின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். இதைப் படிக்கும் வேறு யார் வீட்டிலாவது நட்சத்திர ஆமை இருந்தால், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வைத்திருப்பதே குற்றம். வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

ஓடு இறுகப் பல மாதம் ஆகும். கோணியது கோணியபடிதான் இருக்கும். தினமும் அழுத்திப் பார்க்காதீர்கள், அந்த எலும்புக்கு வலிக்கும். அதற்குப் பதில் வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள்.