அமெரிக்காவுல அயோவா மாநிலத்துல வீடு வாங்கப் போறோம், பக்கத்து வீட்டுல ரேடான் (மண்ணுலேருந்து வர்ற கதிரியக்க வாயு) கம்மியாதான் வந்துச்சாம், நாங்களும் டெஸ்ட் பண்ணணுமா?

கண்டிப்பா பண்ணுங்க. பக்கத்து வீட்டு நம்பர் உங்க வீட்டுக்கு ஆகாது.

நாங்க கிரின்னல் பக்கத்துல ஒரு சின்ன ஊர்ல இருக்கோம், சுத்தி சோளமும் சோயாவும்தான், இந்தக் காத்துல என்ன கெடுதல் இருக்கப்போவுதுன்னு நெனச்சு நாலு வருஷம் ஒண்ணுமே பாக்கல. எதிர் வீட்டுப் பெரியவர் "எங்களுக்கு 2 தான் வந்துச்சு"ன்னு சொன்னாரு, அத்தோட விட்டுட்டோம். பொண்ணுக்கு படிப்பு, விளையாட்டு, லீவு நாள்ல தூக்கம் எல்லாம் பேஸ்மென்ட்லதான். அத இப்ப நெனச்சாலும் வயித்தக் கலக்குது.

அப்புறம் ஒரு ஜனவரியில கிட் வாங்கிட்டு வந்தேன். சின்ன கவர்தான், உள்ள கரி. வைக்கிறதுக்கு 12 மணி நேரம் முன்னாடியே ஜன்னல் எல்லாம் சாத்திட்டு, பேஸ்மென்ட் நடுவுல ஒரு ஸ்டூல் மேல வச்சு மூணு நாள் யாரும் தொடாம பாத்துக்கிட்டோம். எடுத்த அன்னிக்கே தபால்ல போட்டுடுங்க, ஏன்னா கரியில பிடிச்ச ரேடான் 3.8 நாள்ல பாதியாயிடும், ரொம்ப லேட்டா போனா லேப்ல சரியா அளக்க முடியாது.

11.6 வந்துச்சு. நம்பாம இன்னொரு கிட் வச்சேன், 10.9. அமெரிக்க அரசோட சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு இபிஏ, ஒரு லிட்டர் காத்துல 4 பிகோக்யூரி (கதிரியக்கத்த அளக்கிற அலகு, நான் சொல்ற நம்பரெல்லாம் இதுலதான்) வந்தாலே சரி பண்ணுங்கன்னு சொல்லுது, உலக சுகாதார நிறுவனம் 2.7லயே சொல்லுது.

அயோவால இது ஏன் இவ்ளோன்னா, பனியுகத்துல பனிப்பாறை வடக்கேருந்து பாறைய எல்லாம் அரைச்சு இழுத்துட்டு வந்து கொட்டின மண்ணு இது, அதுல இருக்கிற யுரேனியம் ரேடியமாகி ரேடானா கிளம்புது, வாசனை கிடையாது நிறம் கிடையாது, தரை விரிசல், பேஸ்மென்ட்ல ஊறுற தண்ணிய வெளியேத்த இருக்கிற சம்ப் பம்ப் குழி வழியா உள்ள வந்துடும். குளிர்காலத்துல வீட்டுக்குள்ள சூடான காத்து மேல போகப் போக கீழ மண்ணுலேருந்து இழுக்கும், அதனால கோடையில எடுத்த ரிசல்ட்டைக் காட்டுனாங்கன்னா அதை மட்டும் நம்பி இருக்காதீங்க. இங்க 99 கவுன்ட்டியும் (நம்ம மாவட்டம் மாதிரி) இபிஏ மேப்புல சிவப்புதான், அதாவது ரேடான் ரொம்ப அதிகமா இருக்கக்கூடிய இடம், பத்துல ஏழு வீடு 4க்கு மேல. சிகரெட்டுக்கு அடுத்தபடியா நுரையீரல் கேன்சருக்கு காரணம் இதுதான், அமெரிக்கால வருஷத்துக்கு 21,000 பேர் சாகுறாங்கன்னு இபிஏ கணக்கு.

ஆனா சரி பண்ணிடலாங்க, அதனால வீட்டையே வேணாம்னு விட்டுடாதீங்க. லைசென்ஸ் இருக்கிறவர் ஒருத்தர் வந்து பேஸ்மென்ட் தரையில ஓட்டை போட்டு, பிவிசி பைப் இறக்கி, கூரைக்கு மேல கொண்டு போய் நடுவுல ஒரு ஃபேன் மாட்டினாரு, ஒரே நாள் வேலை, 1,400 டாலர் ஆச்சு. பைப்புல யூ மாதிரி வளைஞ்ச ஒரு குட்டிக் குழாய் ஒட்டியிருக்கும், உள்ள சிவப்புத் திரவம். ரெண்டு பக்கமும் ஏத்த இறக்கமா நின்னா ஃபேன் இழுக்குதுன்னு அர்த்தம், சமமா நின்னா இழுக்கலன்னு அர்த்தம். துணி துவைக்க கீழ போறப்பெல்லாம் அதைப் பாத்துட்டுதான் மேல வருவேன்.

அப்புறம் டெஸ்ட் பண்ணப்ப 1.3.

நீங்க இன்ஸ்பெக்ஷன் டைம்லயே 48 மணி நேர டெஸ்ட் கேளுங்க, அதிகமா வந்தா விக்கிறவங்ககிட்ட ஃபேன் செலவைப் பேசலாம். ஃபேன் ஏற்கனவே இருந்தாலும் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா பாக்கணும். எங்க வீட்டுல இப்பக்கூட அதே ஸ்டூல் மேல ஒரு கவர் இருக்கு, வெள்ளிக்கிழமை எடுத்து அனுப்பணும்.