சிட்டு, மைனா, பிளம் கிளை: சீனத் தூரிகை ஓவியம் பற்றி நீங்கள் கேட்டவை

சிங்கப்பூரில் ஒரு சீன ஆசிரியரிடம் 16 ஆண்டுகளாகச் சனிக்கிழமை தோறும் பறவைகளும் மரங்களும் வரையக் கற்று வருகிறேன். இங்கே எல்லோரும் அவரை லாவ்ஷி என்றுதான் அழைப்போம்; ஆசிரியர் என்று பொருள். இரண்டு வாரமாக வந்த கேள்விகளைச் சேர்த்து, எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

கோங்பி, ஷியெயி என்று இரண்டு பாணி சொல்கிறார்களே, எதில் தொடங்குவது? (சேலம்)

கோங்பி என்றால் மெல்லிய கோட்டால் உருவத்தை வரைந்துகொண்டு, நீர்த்த வண்ணத்தை அடுக்கடுக்காகப் பூசுவது. ஒரு இறகுக்கே அரை மணி நேரம் போகும். ஷியெயி அதற்கு நேர் எதிர்: கோடு போட்டு நிரப்பும் வேலையே இல்லை, தூரிகையை ஒருமுறை அழுத்தி எடுத்தால் அதுவே முதுகு, அதுவே இறக்கை. 10ஆம் நூற்றாண்டிலேயே இந்த இரண்டு போக்கும் பிரிந்துவிட்டன. செங்டு அரண்மனையில் இருந்த ஹுவாங் ச்சுவான் அரிய பறவைகளை நுணுக்கமாக வரைந்தார். தெற்கே ஷூ ஷி என்பவர் குளக்கரைப் பறவைகளையும் காட்டுச் செடிகளையும் மையால் விறுவிறுவென்று வரைந்தார். "ஹுவாங் வீட்டுச் செல்வம், ஷூ ஷியின் காட்டு விடுதலை" என்று சீனர்கள் இன்றும் சொல்வார்கள்.

நான் ஷியெயியில் தொடங்கச் சொல்வேன். கை சீக்கிரம் தண்ணீரைப் புரிந்துகொள்ளும். பொறுமை அதிகம் உள்ளவர்கள் கோங்பியில் தொடங்கினாலும் தப்பில்லை.

சாதாரண ஏ4 தாளில் பழகலாமா? (திருச்சி, பள்ளி ஆசிரியை)

வேண்டாம் டீச்சர். ஏ4 தாளில் மை மேலேயே நிற்கும். இந்தக் கலையில் பாதி வேலையைத் தாள்தான் செய்கிறது. இதற்கென்றே உள்ள தாளின் பெயர் சுவான். அது சீனாவின் அன்ஹுய் மாகாணத்து ஜிங் வட்டாரத்தில் நீல சந்தனம் என்று சீனர்கள் அழைக்கும் மரத்தின் பட்டையையும் வைக்கோலையும் சேர்த்துச் செய்வது. பெயரில்தான் சந்தனம், நம் சந்தனமரத்துக்கும் அதற்கும் உறவில்லை. அந்தக் கைவினையை 2009இல் யுனெஸ்கோ தன் மரபுக்கலைப் பட்டியலில் சேர்த்தது.

வாங்கும்போது 'பச்சை'த் தாளா 'வெந்த' தாளா என்று கேளுங்கள். சீனத்தில் அப்படித்தான் சொல்வார்கள். பச்சைத் தாள் மையை உறிஞ்சிப் பரப்பும், ஷியெயிக்கு அது. வெந்த தாளுக்குப் படிகாரமும் விலங்குப் பசையும் பூசியிருப்பார்கள், மை பரவாது, கோங்பிக்கு அது. தெரியாமல் மாற்றி வாங்கிவிட்டு, தனக்குக் கை வரவில்லை என்று விட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

தினப் பயிற்சிக்கு மஞ்சள் நிற மூங்கில் தாள் போதும், விலையும் குறைவு. பழைய செய்தித்தாள் கிளைக் கோடு பழக உதவும்.

ஓநாய் முடித் தூரிகை என்று விற்கிறார்கள். உண்மையிலேயே ஓநாயா? (கோவை)

இல்லை. கீரியைப் போல நீளமான உடம்புள்ள ஒரு சின்ன விலங்கின் வால் முடி அது. விறைப்பாக இருக்கும், கிளைக்கும் அலகுக்கும் காலுக்கும் ஏற்றது. ஆட்டு முடி மெத்தென்று தண்ணீரை நிறையப் பிடிக்கும், இலைக்கும் பெரிய இறக்கைக்கும் நல்லது. இரண்டும் கலந்த நடுத்தரத் தூரிகை ஒன்று வாங்கினால் முதல் ஆண்டு முழுக்க ஓட்டிவிடலாம்.

சிட்டு வரைவதைப் படிப்படியாகச் சொல்லுங்கள் அக்கா. எனக்குத் தலை உருளைக்கிழங்கு மாதிரி வருகிறது. (மதுரை)

முதலில் எந்தச் சிட்டு என்று பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி. சீன ஓவியத்தில் வருவது மரச்சிட்டு. அதன் உச்சந்தலை செம்பழுப்பு; வெள்ளைக் கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு; ஆணும் பெண்ணும் ஒன்றுபோல இருக்கும். உங்கள் வீட்டு முற்றத்துக்கு வரும் ஊர்க்குருவியில் ஆணுக்கு உச்சி சாம்பல் நிறம், கன்னத்தில் பொட்டு கிடையாது. சீனப் படத்தைப் பார்த்து வரைந்துவிட்டு முற்றத்துக் குருவியோடு ஒப்பிட்டால் குழப்பம்தான் வரும்.

சரி, இப்போது கைக்கு வருவோம். நடுத்தரத் தூரிகையை நனைத்து, சொட்டாத அளவுக்குத் தட்டின் விளிம்பில் வழித்துவிடுங்கள். காவி வண்ணத்தை அடிவரை ஏற்றுங்கள். நுனியில் மட்டும் மை தொட்டு, வெள்ளைத் தட்டில் இரண்டு மூன்று முறை புரட்டுங்கள். அடியில் வெளிர் காவி, நடுவில் பழுப்பு, நுனியில் கறுப்பு என்று நிறம் இறங்கி நிற்க வேண்டும். தூரிகையைச் சாய்த்துப் பிடித்து ஒருமுறை அழுத்தினால் உச்சந்தலை. பக்கத்தில் இரண்டு அழுத்து, முதுகு. அவ்வளவுதான், மூன்று தொடுதல்! ஈரம் காய்வதற்குள் முதுகில் அடர்மையால் நாலைந்து கீற்று வைத்தால் ஓரம் லேசாகப் பரவி இறகு போல ஆகும். காய்ந்தபின் வைத்தால் புள்ளி புள்ளியாகத் தனித்து நிற்கும்.

அப்புறம் இறக்கை, வால். இறக்கையின் நீள இறகுகளை ஒவ்வொன்றும் ஒரே இழுப்பில் வாலை நோக்கி வரையுங்கள். பிறகு சின்னத் தூரிகையில் அலகு, கண், தொண்டைக் கறுப்பு, கன்னப் பொட்டு. கன்னத்து வெள்ளைக்கு வண்ணமே வேண்டாம், தாளை அப்படியே விடுங்கள். வயிற்றுக்கு வெளிர் மையில் ஒரு வளைவு போதும்.

உருளைக்கிழங்கு எங்கிருந்து வருகிறது என்றால், நீங்கள் தலையை வட்டமாகக் கோடு போட்டு உள்ளே நிரப்புகிறீர்கள். கடுகு விதைத் தோட்டம் என்ற பெயரில் 1679இலும் 1701இலும் பகுதி பகுதியாக வந்த ஓவியப் பயிற்சி நூலில் பறவைக்கென்றே பாட்டு உண்டு. பறவை முட்டையிலிருந்து பிறந்தது, எனவே அதன் உடல் முட்டை; அதில் தலை, வால், இறக்கை, கால் சேர்த்தால் பறவை என்கிறது அது. தலை ஒரு சின்ன முட்டை, உடல் ஒரு பெரிய முட்டை. இரண்டும் எந்தக் கோணத்தில் சேர்கின்றன என்பதில்தான் குருவி தூங்குகிறதா, எட்டிப் பார்க்கிறதா, பயந்து பறக்கப் போகிறதா என்பது இருக்கிறது. ஒரு தாள் முழுக்க வெறும் முட்டைகளை வெவ்வேறு கோணத்தில் போட்டுப் பாருங்கள்.

அந்த நூல் அலகில் தொடங்கச் சொல்கிறது. என் லாவ்ஷி உச்சந்தலையில் தொடங்குவார். இரண்டும் சரியே.

கிளையை முதலில் வரைவதா, பறவையையா? (யாழ்ப்பாணம்)

பச்சைத் தாளில் பறவையே முதலில். அந்தத் தாளில் முதலில் விழுந்த மைதான் மேலே தெரியும். அதன்மேல் பின்னால் போடும் கோடு அடியில் போனது போலத் தோன்றும். கிளையை முதலில் போட்டுவிட்டால் குருவியின் வயிற்றைத் துளைத்துக்கொண்டு கிளை தெரியும். பறவையை முடித்து, கால் வரும் இடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, அதன் பின்னால் கிளையைக் கொண்டுபோங்கள். கால் விரல்கள் கடைசியில்: முன்னால் மூன்று, பின்னால் ஒன்று. உடலின் எடை விரல்களுக்கு நேர் மேலே விழாவிட்டால் எத்தனை அழகாக வரைந்தாலும் பறவை கிளையிலிருந்து சரிவது போலவே இருக்கும்.

என் மரம் மின்கம்பம் போல நிற்கிறது. என்ன செய்வது? (சென்னை, இதையே நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள்)

"கல்லுக்கு மூன்று முகம், மரத்துக்கு நான்கு கிளை" என்பது எங்கள் வகுப்பில் முதல் நாள் பாடம். இடம், வலம், முன், பின் என்று நான்கு பக்கமும் கிளை வர வேண்டும். புதிதாக வரைபவர்கள் இடமும் வலமும் மட்டும் போடுவார்கள், மரம் மீன்முள்ளாகிவிடும். உங்களை நோக்கி வரும் கிளையை அடிமரத்தின் மேலேயே அடர்மையில் போடுங்கள். பின்னால் போகும் கிளையை நீர்த்த மையில் போடுங்கள்.

இரண்டாவது, கோடு ஓடும் விதம். நல்ல கிளைக்கோடு ஓடிக்கொண்டே இருக்காது. கொஞ்சம் போகும், நிற்கும், அழுத்தும், திசை மாறும், மறுபடி போகும். நிற்கும் இடம்தான் கணு. தூரிகையை நிமிர்த்திப் பிடித்தால் கிளை. படுக்க வைத்து, மை குறைவாக, கொஞ்சம் வேகமாக இழுத்தால் அடிமரம். அப்படி இழுக்கும்போது கோட்டுக்குள் வெள்ளை வெள்ளையாகத் தாள் தெரியும். அதைப் 'பறக்கும் வெள்ளை' என்பார்கள். வயதான மரப்பட்டைக்கு அதைவிட நல்ல வழி நான் பார்த்ததில்லை. தயவுசெய்து மேலே மை வைத்து அதை நிரப்பாதீர்கள்!

கிளை நுனிகளில் இரண்டு வகை: மேல்நோக்கிப் பிரிந்தால் மான்கொம்பு, கீழ்நோக்கி வளைந்தால் நண்டுக்கால். நண்டுக்காலைப் பார்க்க வேண்டுமானால் 1072இல் குவோ ஷி வரைந்த 'வசந்தத்தின் தொடக்கம்' படத்தை இணையத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். மூலம் தைப்பே தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிளம் மரத்தில் கிளைகள் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக்கொள்ளும். 'பெண்' என்ற சீன எழுத்து மூன்று கோடுகள் ஒன்றையொன்று வெட்டுவது போல இருக்கும். அந்த வடிவத்தையே பிளம் கிளைக்கு இலக்கணமாக வைத்திருக்கிறார்கள். நடுவில் சின்னச் சின்ன இடைவெளிகள் அடைபடும், பூ அங்கே உட்காரும்.

பைன் மரப்பட்டைக்கு மீன் செதில் போன்ற வளையங்கள். சைப்ரஸ் மரத்துக்கு முறுக்கிய கயிறு. தாங் அரச வம்சக் காலத்தில் (7–10ஆம் நூற்றாண்டு) ச்சாங் ஸாவ் என்பவர் ஒரே கையில் இரண்டு தூரிகை பிடித்து, ஒன்றால் உயிருள்ள கிளையும் மற்றொன்றால் பட்ட கிளையும் ஒரே நேரத்தில் வரைவாராம். அவர் படம் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை, பழைய நூல்களில் இந்தச் செய்தி மட்டும் இருக்கிறது. பட்ட கிளைக்குக் காய்ந்த மை, பச்சைக் கிளைக்கு ஈரமை என்று நான் பழகுவது இதை நினைத்துத்தான்.

பாட்டில் மை போதாதா? மைக்கட்டியை உரைத்தே ஆக வேண்டுமா? (துபாய்)

பாட்டில் மை தாராளமாகப் போதும். பெய்ஜிங்கின் யீ-தே-கே கடை 1865இலிருந்து மை விற்கிறது. பெரிய ஓவியர்களும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் மைக்கட்டியை ஒருமுறையாவது உரைத்துப் பாருங்கள். புகைக்கரியும் பசையும் சேர்ந்த கட்டி அது. கல்லில் தண்ணீர் விட்டு, சந்தனம் உரைப்பது போல மெதுவாக வட்டமாக உரைக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் கண் படத்தை யோசிக்கத் தொடங்கிவிடும்.

எந்த மையானாலும் ஒரே மையில் ஐந்து நிறம் காட்டுவதுதான் வேலை. ஐந்து சின்னக் கிண்ணத்தில் வெவ்வேறு அளவு தண்ணீர் கலந்து பழகுங்கள்.

கண்ணில் உயிர் வரவில்லை. (ஈரோடு)

கண்ணை அலகின் பிளவுக்குச் சற்று மேலே வையுங்கள். பின்னால் தள்ளி வைத்தால் மந்தமாகத் தெரியும். முதலில் மெல்லிய வளையம், பிறகு உள்ளே கருமணி, ஒரு துளி வெள்ளை விடுங்கள். சுங் பேரரசர் ஹுய்த்சோங் (1082–1135) வரைந்த 'குருவிகளும் மூங்கிலும்' நியூயார்க்கின் மெட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் கண்ணுக்கு மை போதாதென்று அரக்குத் துளி வைத்திருக்கிறார்கள், மணி போல மேலெழுந்து நிற்கும்.

இன்னொரு வழி பதா ஷன்ரென் (1626–1705) காட்டியது. மிங் அரச குடும்பத்தில் பிறந்து, அந்த ஆட்சி விழுந்தபின் துறவியானவர். அவர் பறவைகள் ஒற்றைக்காலில் நின்று, கருமணியை மேலே ஒட்டவைத்து உலகத்தை முறைக்கும். கருமணி எங்கே என்ற ஒன்றே படத்தை மாற்றிவிடுகிறது.

தூரிகை நுனியை நாக்கில் வைத்துக் கூராக்கலாமா? (நாகர்கோவில்)

கூடாது. சீன வண்ணப் பெட்டியில் உள்ள மஞ்சள், ஒரு மரத்தின் பிசின். நம் குடம்புளிக்கு உறவான மரம், ஆனால் இந்தப் பிசின் நஞ்சு. சில சிவப்பு பாதரசக் கலவை. விரலால் அல்லது ஈரத்துணியால் கூராக்குங்கள்.

பரிசாகக் கொடுக்க எந்தப் பறவை? (கோலாலம்பூர்)

கல்யாணத்துக்கு ஒரு ஜோடி மாண்டரின் வாத்து. பெரியவர்களின் பிறந்தநாளுக்குப் பைன் மரமும் கொக்கும், நீண்ட ஆயுள் வேண்டி. நல்ல செய்தி உள்ள வீட்டுக்குப் பிளம் கிளையில் மேக்பை (காக்கை இனத்துக் கறுப்பு வெள்ளைப் பறவை): பிளம்முக்கும் புருவத்துக்கும் சீனத்தில் உச்சரிப்பு ஒன்றே, எனவே 'மகிழ்ச்சி புருவ நுனியில் ஏறியது' என்று படத்தை வாசிப்பார்கள். சீன நண்பருக்கு ஆந்தை மட்டும் வேண்டாம்.

படம் காய்ந்ததும் சுருங்கிக் கிடக்கிறது. (திருநெல்வேலி)

அது இயல்பு. பின்னால் இன்னொரு தாள் ஒட்டினால்தான் நிமிரும். அதற்கு மாவுப் பசை ஆகாது. அல்வாவுக்குக் கோதுமைப்பால் எடுப்போமே, அதைத் தெளியவைத்து, அடியில் தங்குவதைத் தண்ணீர் விட்டுக் காய்ச்சினால் வருவதுதான் சரியான பசை. படத்தைக் கவிழ்த்துப் போட்டு, நீர் தெளித்து நிமிர்த்தி, பசையை மோர் பதத்தில் தடவி, மேலே தாளை வைத்து உலர்ந்த புருசால் நடுவிலிருந்து வெளியே நீவுங்கள். பாட்டில் மையில் வரைந்ததென்றால் சில நாள் காயவிட்டுச் செய்யுங்கள், இல்லையென்றால் மை கசியும். முதல் முயற்சியை நல்ல படத்தில் செய்யாதீர்கள்.

பார்த்து வரைவது திருட்டு இல்லையா? நானாக வரைய வேண்டாமா? (புதுச்சேரி, கல்லூரி மாணவி)

இல்லை அம்மா. பழைய படத்தைப் பார்த்துப் படியெடுப்பது அங்கே படிப்பின் பாதி. ஹுவாங் ச்சுவானின் ஒரு சுருள் பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பறவைகள், பூச்சிகள், ஆமைகள் எல்லாம் தனித்தனியாகச் சிதறிக் கிடக்கும். ஓரத்தில், மகன் பழகுவதற்காகக் கொடுத்தது என்று எழுதியிருக்கும். ஓர் அப்பா பிள்ளைக்குப் போட்டுக் கொடுத்த பயிற்சித் தாள் அது.

மற்றப் பாதி, உயிருள்ளதைப் பார்ப்பது. ஹுய்த்சோங் பற்றி 12ஆம் நூற்றாண்டு நூல் ஒன்றில் ஒரு கதை இருக்கிறது. அரண்மனை முற்றத்தில் லிச்சி மரத்தடியில் மயில் ஒன்று மேடேறப் போகிறது. ஓவியர்களை அழைத்து வரையச் சொல்கிறார். எல்லோரும் வண்ணம் மின்ன வரைந்து தருகிறார்கள். தப்பு என்கிறார் அரசர். என்ன தப்பு என்று யாருக்கும் விளங்கவில்லை. சில நாள் கழித்து, "மயில் மேடேறும்போது இடது காலைத்தான் முதலில் தூக்கும், நீங்கள் வலது காலைத் தூக்க வைத்திருக்கிறீர்கள்" என்றாராம். எங்கள் ஊர் ஓவியர் சென் வென் ஷி (1906–1991) கிப்பன் குரங்கை வீட்டிலேயே வளர்த்துப் பார்த்து வரைந்தவர். அவர் கிப்பன்கள் சிங்கப்பூரின் 50 வெள்ளி (டாலர்) நோட்டின் பின்பக்கம் இருக்கின்றன.

நீங்கள் மைனாவில் தொடங்குங்கள். சீன ஓவியத்தில் மைனா பழைய விருந்தாளி, பதா ஷன்ரென்கூட வரைந்திருக்கிறார். கறுப்பு மை ஒன்றே போதும். நெற்றியில் ஒரு குட்டிக் கொண்டை, இறக்கையில் வெள்ளைத் திட்டு. என் முதல் ஆண்டு மைனாக்கள் எல்லாவற்றிலும் இரண்டு காலும் பக்கத்தில் பக்கத்தில் சேர்ந்தே இருக்கும். லாவ்ஷி ஒன்றும் சொல்லாமல், கீழே உணவங்காடிக்குப் போய் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வா என்று அனுப்பினார். தட்டு பொறுக்க வந்த மைனாக்களைப் பார்த்தபோதுதான் தெரிந்தது: சிட்டுதான் இரண்டு காலையும் சேர்த்துத் தத்தும். மைனா நம்மைப் போல ஒரு கால் மாற்றி ஒரு கால் வைத்து நடக்கிறது.