எல்லோருக்கும் ஒரே தொகை போதுமா?

கேள்வி: அனைவருக்கும் மாதந்தோறும் நிபந்தனையின்றி அடிப்படை வருமானம் வழங்கினால் வறுமை ஒழிந்துவிடாதா?

பதில்: அப்படி உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பின்லாந்து 2017, 2018 ஆண்டுகளில் வேலையற்ற 2,000 பேருக்கு மாதம் 560 யூரோ வழங்கிப் பார்த்தபோது, அவர்களது மனநிம்மதி கூடியதே தவிர, வேலைவாய்ப்பு சொற்ப அளவிலேயே உயர்ந்தது. நாடு முழுவதற்கும் வழங்குவதென்றால் வரியைப் பெருமளவு உயர்த்த வேண்டும், அல்லது இருக்கும் நலத்திட்டங்களை வெட்ட வேண்டும். என்னை அதிகம் கவலைகொள்ள வைப்பது இந்த இரண்டாவது வழிதான். சக்கர நாற்காலியில் இருப்பவர், தம்மைத் தூக்கிக் குளிப்பாட்டும் உதவியாளருக்கு ஊதியம் தர வேண்டும். உடல்நலத்தோடு வேலைக்குப் போகிறவருக்கு அந்தச் செலவே இல்லை. இருவருக்கும் ஒரே தொகையைக் கொடுத்துவிட்டு, மாற்றுத்திறனாளி உதவித்தொகையை நிறுத்தினால், முன்னவர் முன்பைவிட ஏழையாகிவிடுவார். வீடுகளுக்குத் தட்டுப்பாடு உள்ள இடத்தில், ஏறும் வாடகையே அத்தொகையில் ஒரு பகுதியை விழுங்கிவிடவும் கூடும்.