தரகர் இல்லாமல் வீட்டை விற்க முடியுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் கணவர் 1994-ஆம் ஆண்டு திருச்சியில் தம் பெயரில் வாங்கிய வீட்டில் வசித்து வருகிறேன். அவர் 2019-இல் காலமானார். உயில் எதுவும் எழுதி வைக்கவில்லை. மகளோடு கோவையில் போய்த் தங்க விரும்புவதால் வீட்டை விற்க நினைக்கிறேன். தரகர்கள் இரண்டு சதவீதம் கமிஷன் கேட்கிறார்கள். நானே நேரடியாக விற்றால் ஏமாற்றப்படுவேனோ என்று பயமாக இருக்கிறது. மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். நான் முதலில் என்ன செய்ய வேண்டும்? (வாசகி, திருச்சி)

பதில்: தாராளமாக நீங்களே விற்கலாம், அம்மா. வீட்டு விற்பனையில் தரகர் இருந்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வாங்குபவரை அழைத்து வருவதும் விலை பேசி முடிப்பதுமே அவருடைய வேலை. உங்கள் பணத்துக்கும் பத்திரத்துக்கும் அவர் பொறுப்பேற்பதில்லை. ஆகவே அவர் இல்லாததால் உங்கள் பாதுகாப்பு குறைந்துவிடாது. கமிஷனாகக் கொடுக்கவிருந்த தொகையில் ஒரு சிறு பங்கைச் செலவிட்டு, சொத்து ஆவணங்களில் அனுபவமுள்ள ஒரு வழக்கறிஞரை அமர்த்திக்கொண்டால், தரகர் மூலம் விற்பவர்களில் பலருக்கும் கிடைக்காத பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்கும்.

வாங்குபவரைத் தேடுவதற்கு முன்பாக, இந்த வீடு இன்று யாருக்குச் சொந்தம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது இதுதான். கணவர் சுயமாக வாங்கிய சொத்து, உயில் இல்லை என்பதால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நீங்களும் மகனும் மகளும் சம பங்குதாரர்கள் ஆகிறீர்கள். கணவர் இறந்தபோது அவருடைய தாயார் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு சம பங்கு உண்டு. இதைப் பல குடும்பங்கள் மறந்துவிடுகின்றன, பிறகு வாங்குபவரின் வங்கி வழக்கறிஞர் அதைக் கண்டுபிடித்துக் கேட்கும்போது விற்பனை மாதக்கணக்கில் நின்றுபோகிறது. வாரிசுச் சான்றிதழ், கணவரின் இறப்புச் சான்றிதழ் ஆகிய இரண்டையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பட்டாவும் சொத்துவரி ரசீதும் உங்கள் பெயருக்கு மாறியிருந்தாலும்கூட, அதனால் வீடு முழுவதும் உங்களுடையது ஆகிவிடாது.

இனி உங்களுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. வாரிசுகள் அனைவரும் சேர்ந்து விற்பவர்களாகக் கிரையப் பத்திரத்தில் கையெழுத்திடுவது முதல் வழி. மகனும் மகளும் தங்கள் பங்கை உங்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட, அதன் பிறகு நீங்கள் மட்டும் விற்பது இரண்டாவது வழி. குடும்பத்தினருக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்தின் முத்திரைத் தீர்வைக்கு உச்சவரம்பு இருப்பதால், செலவு பெரிதாகாது. இரண்டாவது வழியில் பதிவு நாளன்று ஒருவர் வந்தால் போதும் என்ற வசதி இருக்கிறது. ஆனால் முதல் வழியில் விற்பனை லாபம் மூவருக்கும் பிரிவதால், வருமான வரிச் சலுகைகளை ஒவ்வொருவரும் தனித்தனியே பெற முடியும். எது உங்களுக்கு லாபம் என்பதை விடுதலைப் பத்திரம் எழுதுவதற்கு முன்பே ஓர் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். எழுதிய பிறகு கேட்பதில் பயனில்லை.

மகன் நேரில் வர முடியாவிட்டால், சிங்கப்பூரிலுள்ள இந்தியத் தூதரகத்தில் அதிகாரி முன்னிலையில் கையெழுத்திட்டு, தம் சார்பில் கையெழுத்திடும் உரிமையைத் தரும் பொது அதிகாரப் பத்திரத்தை உங்களுக்கோ சகோதரிக்கோ அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள்: வரிச் சட்டப்படி மகன் வெளிநாடு வாழ் இந்தியராக இருந்தால், அவருடைய பங்குக்கான தொகையில் வாங்குபவர் பிடித்தம் செய்ய வேண்டிய வரி, உள்நாட்டவருக்கு உரிய ஒரு சதவீதத்தைவிடப் பல மடங்கு அதிகம். இதைக் கடைசி நேரத்தில் தெரிந்துகொண்டு பின்வாங்கும் வாங்குபவர்கள் உண்டு என்பதால், பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

கேள்வி: விலையை எப்படி நிர்ணயிப்பது? அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு விலை சொல்கிறார்கள். (வாசகர், மதுரை)

பதில்: அரசு வழிகாட்டி மதிப்பைப் பதிவுத்துறை இணையதளத்தில் தெருவின் பெயரையோ சர்வே எண்ணையோ கொடுத்து இலவசமாகப் பார்க்கலாம். அதைச் சந்தை விலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது; பத்திரத்தில் காட்டவேண்டிய மதிப்புக்கு அது ஓர் அளவுகோல் மட்டுமே. அதே இணையதளத்தில், ஒரு சொத்தின் மீது பதிவான பத்திரங்களின் பட்டியலான வில்லங்கச் சான்றையும் கட்டணமின்றிப் பார்வையிட முடியும். உங்கள் தெருவில் அண்மையில் கைமாறிய மனைகளின் சர்வே எண்களைக் கொடுத்துப் பார்த்தால், அவை எந்த மதிப்புக்குப் பதிவாகின என்பது அதில் தெரியும். பதிவான தொகை உண்மையில் கைமாறிய தொகையைவிடக் குறைவாக இருக்கலாம் என்பதை மனத்தில் கொண்டு, அதை அடித்தள விலையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முப்பது ஆண்டுப் பழைய தனி வீட்டில் விலையின் பெரும்பகுதி மனைக்கே வருகிறது. நீங்கள் ஆசையாகப் போட்ட தேக்கு நிலைக்கும் மொசைக் தரைக்கும் வாங்குபவர் அதிகம் தரமாட்டார், ஏனென்றால் அவர் இடித்துக் கட்டும் எண்ணத்தில் இருக்கலாம். தெருவின் அகலம், மனையின் முகப்பு, திசை, குடிநீர், பாதாளச் சாக்கடை இணைப்பு ஆகியவையே பேச்சில் விலையை ஏற்றி இறக்கும். பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரிடம் மதிப்பீட்டு அறிக்கை வாங்கிவிடுவதே என் பரிந்துரை. பேரத்தின்போது உங்கள் பக்கம் ஒரு தாள் இருக்கும். சொத்து 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கப்பட்டது என்றால், விற்பனை லாபத்துக்கான மூலதன ஆதாய வரி கணக்கிட அந்தத் தேதியின் சந்தை மதிப்பையே வாங்கிய விலையாகக் கொள்ளச் சட்டம் இடம் தருவதால், அந்த மதிப்பையும் அதே மதிப்பீட்டாளரிடம் கேட்டுப் பெறலாம்.

விளம்பரத்தில் மனையின் அளவு, கட்டடத்தின் அளவு, கட்டிய ஆண்டு, அனுமதி வரைபடம் இருக்கிறதா என்ற விவரம், எதிர்பார்க்கும் விலை ஆகியவற்றை எழுதுங்கள். விலையைச் சொல்லாமல் விட்டால் வாங்கும் எண்ணமே இல்லாதவர்களின் அழைப்புகளுக்குப் பதில் சொல்லியே களைத்துப்போவீர்கள். வீடு பார்க்க வருபவர்களைப் பகலில், குடும்பத்தினர் ஒருவர் உடனிருக்கும் நேரத்தில் வரச் சொல்லுங்கள். பத்திர நகல் கேட்பவர்களுக்கு, குறுக்கே கோடிட்டு ‘விற்பனைப் பரிசீலனைக்கு மட்டும்’ என்று எழுதித் தேதியிட்ட நகலைக் கொடுக்கலாம். மூலப்பத்திரம் எக்காரணம் கொண்டும் பதிவு நாளுக்கு முன் உங்கள் கையைவிட்டுப் போகக் கூடாது.

கேள்வி: வாங்க வந்தவர் ஐந்து லட்சம் ரூபாயை ரொக்கமாக முன்பணம் தந்து, ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார். நல்ல மனிதராகத் தெரிகிறார். வாங்கிக்கொள்ளலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: வேண்டாம். வீடு, நிலம் விற்பனைக்கான முன்பணத்தை இருபதாயிரம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. மீறினால் பெற்ற தொகைக்குச் சமமான தொகையை அபராதமாக விதிக்க முடியும். அந்த அபராதம் பணத்தைப் பெற்றவர் மீதுதான் விழும், கொடுத்தவர் மீது அல்ல. வங்கிக் கணக்கு வழியாகவோ வரைவோலையாகவோ மட்டுமே பெறுங்கள்.

வெள்ளைத் தாள் ஒப்பந்தமும் போதாது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல், கிரைய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம் ஆக்கப்பட்டிருக்கிறது. பதிவு செய்யும் ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும் என்பதை விற்பவர் நன்றாக உணர வேண்டும். வாங்குபவர் மனம் மாறி ஒதுங்கிக்கொண்டு, ரத்துப் பத்திரத்தில் கையெழுத்திட வராமல் இழுத்தடித்தால், அந்தப் பதிவு வில்லங்கத்தில் நின்றுகொண்டே இருக்கும். அடுத்து வருபவருக்கு எந்த வங்கியும் எளிதில் கடன் தராது. ஆகவே கெடுவை மூன்று மாதங்களுக்கு மேல் நீட்டாதீர்கள். கெடு தவறினால் முன்பணத்தில் எவ்வளவு திருப்பித் தரப்படும், ரத்துப் பத்திரத்துக்கு அவர் எத்தனை நாளில் வர வேண்டும் என்பவற்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு, வாங்குபவரின் பெயருக்கே பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்கும் பழக்கம் இன்னமும் சில இடங்களில் இருக்கிறது. அப்படிக் கொடுத்தால், முழுத் தொகை வருவதற்கு முன்பே அவர் உங்கள் வீட்டை மூன்றாம் மனிதருக்கு விற்றுவிட முடியும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கிரையப் பத்திரத்தில் ‘முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்’ என்ற வாசகம் இருக்கும். அந்த வாசகம் உண்மையாகும் வரை கையெழுத்திடக் கூடாது. மீதியைப் பிறகு தருகிறேன் என்ற வாக்கை நம்பிப் பதிவு செய்துவிட்டு, பணம் வரவில்லை என்பதற்காகப் பத்திரத்தை ரத்து செய்யக் கோரினால் நீதிமன்றம் ஏற்பது அரிது; பதிவாகிவிட்ட கிரையத்தை, விலையின் ஒரு பகுதி வரவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ரத்து செய்ய முடியாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. மீதித் தொகைக்காக வழக்குப் போட்டு அலைவதுதான் எஞ்சும். வரைவோலை தருவதாக இருந்தால், அதன் எண்ணை முன்னதாகவே பெற்று, அதை வழங்கிய வங்கிக் கிளையில் உறுதி செய்துகொண்டு, அதன் பிறகு சார்பதிவாளர் அலுவலகத்துக்குச் செல்லுங்கள். கணக்குக்கு அனுப்புவதாக இருந்தால், பணம் வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். அங்கே கூட்டமாக இருக்கிறது, டோக்கன் நேரம் தாண்டுகிறது என்று யார் அவசரப்படுத்தினாலும் அமைதியாகக் காத்திருங்கள்.

கேள்வி: பேசி முடித்த விலை எண்பது லட்சம். வாங்குபவர் வழிகாட்டி மதிப்பான ஐம்பத்தைந்து லட்சத்துக்கு மட்டும் பத்திரம் போடலாம் என்கிறார். எனக்கும் வரி குறையும் என்கிறார். (வாசகர், சேலம்)

பதில்: உங்களுக்கு அது கெடுதல். முத்திரைத் தீர்வை, சொத்து மாற்று வரி, பதிவுக் கட்டணம் மூன்றும் சேர்ந்து ஒன்பது சதவீதம் ஆகிறது; அதில் மிச்சம் பிடிப்பவர் அவர். கணக்கில் காட்ட முடியாத இருபத்தைந்து லட்சம் ரொக்கத்தை வீட்டில் வைத்துக்கொண்டு தவிக்கப்போவது நீங்கள். அந்தப் பணத்தைக் கொண்டு இன்னொரு வீடு வாங்க முடியாது, வங்கியில் போட முடியாது, வரிவிலக்கும் கேட்க முடியாது.

முழு விலையையும் காட்டினால் வரி தாங்காது என்ற அச்சமும் பெரும்பாலும் மிகையானது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்த வீட்டின் லாபத்துக்கு வரி 12.5 சதவீதம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய சொத்தாக இருந்தால், பணவீக்கத்துக்கு ஏற்ப வாங்கிய விலையை உயர்த்திக் கணக்கிட்டு 20 சதவீத வரி செலுத்தும் முறையோடு ஒப்பிட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம். பழைய வீடுகளுக்கு இந்த இரண்டாவது கணக்கில் லாபமே வெகுவாகக் குறைந்துவிடுவதை நீங்களே போட்டுப் பார்க்கலாம். விற்ற தேதியிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வேறு வீடு வாங்கினாலோ, மூன்று ஆண்டுகளுக்குள் கட்டினாலோ, அதில் முதலீடு செய்த அளவுக்கு லாபத்துக்கு விலக்கு உண்டு. வீடு வேண்டாம் என்பவர்கள், ஆறு மாதங்களுக்குள் இதற்கென உள்ள அரசு நிறுவனப் பத்திரங்களில் ஐம்பது லட்சம் வரை முதலீடு செய்யலாம். அந்தப் பணத்தை ஐந்து ஆண்டுகளுக்கு எடுக்க முடியாது. விலை ஐம்பது லட்சத்தைத் தொட்டுவிட்டதால், வாங்குபவர் ஒரு சதவீதத்தைப் பிடித்தம் செய்து உங்கள் பான் எண்ணில் கட்ட வேண்டும். அவர் கட்டிய சான்றைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் வரிக்கணக்கில் அது வரவாகும்.

கேள்வி: வீட்டுக் கடன் இன்னும் பாக்கி இருக்கிறது. பத்திரம் வங்கியில் இருக்கும்போது விற்க முடியுமா? (வாசகி, வேலூர்)

பதில்: முடியும். இன்றைய தேதியில் எவ்வளவு கட்டினால் கடன் தீரும் என்ற கடிதத்தையும், தங்களிடம் உள்ள ஆவணங்களின் பட்டியலையும் வங்கியிடம் எழுதிக் கேளுங்கள். வாங்குபவர் தரும் தொகையிலிருந்து அந்தப் பாக்கியை நேராக உங்கள் கடன் கணக்கில் செலுத்தும்படி ஒப்பந்தத்தில் எழுதலாம். கடன் முழுமையாகத் தீர்ந்த 30 நாட்களுக்குள் மூல ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும் என்றும், வங்கியின் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. 2023 டிசம்பர் முதல் அது நடைமுறையில் உள்ளது. ஆவணங்களை வாங்கியதோடு நிறுத்திவிடாமல், கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தையும் பதிவு செய்து, வில்லங்கச் சான்றில் அது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: சென்ற ஆண்டு ஒரு தரகர் அழைத்து வந்து வீட்டைக் காட்டிய அதே நபர், இப்போது நேரடியாக வந்து வாங்குவதாகச் சொல்கிறார். தரகருக்கு ஏதாவது தர வேண்டுமா? (வாசகர், ஈரோடு)

பதில்: அந்தத் தரகர் அழைத்து வராவிட்டால் அவருக்கு உங்கள் வீடு தெரிந்திருக்காது. ஆகவே, எழுத்தில் எதுவும் இல்லாவிட்டாலும், தரகரை அழைத்துப் பேசி ஒரு நியாயமான தொகையைக் கொடுத்துவிடுங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வங்கி வழியாகக் கொடுத்தால், விற்பனைக்கான செலவாக அதை லாபத்திலிருந்து கழித்துக்கொள்ளவும் முடியும்.