மச்சான் வீட்டு மாடுலர் கிச்சன்

கேள்வி: கோவையில் சொந்த ஃப்ளாட். கைக்கு வரும் சம்பளம் ரூ.72,000. வீட்டுக்கடன் தவணை 25,000. கார் கடன் முடிந்த கையோடு தங்கை கல்யாணத்துக்கு பர்சனல் லோன் வாங்கினேன், அதற்கு 9,000. மச்சான் வீட்டு கிரகப்பிரவேசத்துக்குப் போய்வந்ததிலிருந்து வீட்டில் மாடுலர் கிச்சன் பேச்சுதான். எங்கள் சிங்க் அடி அலமாரியும் ஊறி உப்பிவிட்டது. டிசைனர் 4.5 லட்சம் கேட்கிறார். 14% வட்டியில் ஐந்து வருடக் கடனும் அவரே ஏற்பாடு செய்கிறாராம். கல்யாணக் கடன் ஏழு மாதத்தில் முடிகிறது. டிசைனர் சொல்லும் கடனை வாங்கலாமா?

பதில்: வேண்டாம். என்னைக் கவலைப்படுத்துவது உங்கள் கடைசி வரிதான். ஒரு கடன் முடியப்போகிறது என்றாலே அடுத்த கடனுக்கு இடம் போட்டுவிடுகிறீர்கள். கார் போய்க் கல்யாணம், கல்யாணம் போய்க் கிச்சன்.

கணக்கு இதுதான். 4.5 லட்சத்துக்குத் தவணை ஏறக்குறைய 10,500. ஐந்து வருடத்தில் கட்டுவது 6.3 லட்சம், வட்டி மட்டும் 1.8 லட்சம். முதல் ஏழு மாதம் மூன்று தவணையும் சேர்ந்து 44,500 போய்விடும். மிச்சம் 27,500-ல் குடும்பம் நடத்த வேண்டும். 'நோ காஸ்ட் ஈஎம்ஐ' என்று யாராவது ஆசை காட்டினாலும் நம்பாதீர்கள். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது.

உப்பிய அலமாரியை மட்டும் இப்போதே மாற்றுங்கள். ஐஎஸ் 710 முத்திரையுள்ள, தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட்டாகப் பார்த்து வாங்கி, நல்ல ஆசாரியிடம் கொடுங்கள். தண்ணீர் படும் இடத்தில், மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிக்கிள் போர்டு நிற்காது. டிசைனரின் கொட்டேஷனில் வெறுமனே 'வாட்டர் ப்ரூஃப் போர்டு' என்று இருந்தால், என்ன போர்டு, என்ன கிரேடு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். மேலே ஒட்டும் அக்ரிலிக் பளபளப்பில் காட்டும் அக்கறையை நம்மவர்கள் உள்ளே இருக்கும் பலகையில் காட்டுவதில்லை.

ஏழு மாதம் கழித்து அதே 9,000-ஐ ஆர்.டி.யில் போடுங்கள். 6.5 சதவீதம் என்று வைத்தாலும் இரண்டு வருடத்தில் சுமார் 2.3 லட்சம் சேரும். அப்புறம் டிசைனரைக் கூப்பிடுங்கள். நல்ல டிசைனர் அவசியம்தான்: அடுப்பு, சிங்க், ஃப்ரிட்ஜ் எங்கே வரவேண்டும், மிக்ஸிக்கும் சிம்னிக்கும் பிளக் எங்கே என்பதை டைல்ஸ் ஒட்டும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். வரைபடத்துக்கு மட்டும் கட்டணம் கொடுத்து, அதை வைத்து இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள். கையிருப்புக்குள் அடங்கும் அளவு கீழ் அலமாரிகளை முதலில் செய்யுங்கள். மேலே வரும் லாஃப்டும், ஆளுயர அலமாரியான டால் யூனிட்டும் காத்திருக்கட்டும். பாதிக்கு மேல் அட்வான்ஸ் கேட்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.